வளைகாப்பு முதல் நடைவண்டி வரை

வளைகாப்பு வீட்டுக்குச் செல்லும்போது கையில் எதைக் கொண்டு செல்வது என்னும் கேள்வி எளியதுபோல் தோன்றும். வளையல், பூ, பழம், மஞ்சள், குங்குமம் ஆகியவை தாய்க்கு உரியவை. அவை பற்றி ஐயமில்லை. பிறக்கப்போகும் மகவுக்கு உரியது எது? குழந்தை பிறந்து, தொட்டிலிட்டுப் பெயர் சூட்டி, ஆண்டு நிறைவு கொண்டாடும் வரையில் உற்றாரும் நண்பரும் எத்தனையோ பொருள்களைக் கொணர்ந்து குவிக்கின்றனர். அவற்றுள் எத்தனை குழந்தையின் கைக்கு எட்டுகின்றன? அலமாரியின் மேல்தட்டில், சுற்றிய தாள் பிரிக்கப்படாமலே வெளுத்துப்போகும் கரடிப் பொம்மையை நேயர்கள் தத்தம் இல்லத்திலேயே கண்டிருப்பீர்கள். குழந்தையின் கண்ணும் கையும் காலும் எந்தத் திங்களில் எதை நாடுகின்றன என்று நோக்கி, அதற்கேற்பக் கையால் செய்து அளிக்கும் மரபு ஒன்று நம்மிடம் உண்டு. அம்மரபைச் சேர்ந்த பொருள்கள் சிலவற்றையும், இன்று அவற்றைச் செய்வோரும் வாங்குவோரும் கருத வேண்டிய காப்புகளையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலில் வளைகாப்பையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் திங்கள், ஏழாம் திங்கள், சில குடும்பங்களில் ஒன்பதாம் திங்கள் என ஒற்றைப்படை மாதம் பார்த்து இச்சடங்கை நடத்துவர். கண்ணாடி வளையலுக்கு முன்னதாக வேப்பங்கொழுந்தை ஈர்க்கோடு வளைத்துக் காப்பாக்கிக் கையில் இடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கண்ணாடி வளையல் உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்திலிருந்து வந்திருக்கலாம். வேப்பிலைக் காப்போ கொல்லைப்புறத்தில் பிறந்தது. அதுவே அச்சடங்கின் முதற் கைவினைப் பொருள் எனலாம். கருவிலுள்ள மகவு ஏறத்தாழ 25ஆம் வாரம் முதற்கொண்டு வெளியோசைக்கு அசைவு காட்டுகிறது என்பது மருத்துவர் கண்டறிந்த செய்தி. எனவே, ஏழாம் திங்கள் வளைகாப்பில் குலுங்கும் வளையலின் ஒலி அதன் செவிக்கு எட்டக்கூடியதே. இதைப் பற்றிக்கொண்டு, எல்லாம் அறிந்தே முன்னோர் செய்தனர் என்று முழங்குவோர் அணியில் நான் சேர்வதில்லை. வளையல் ஒலி இனியது, அணிபவள் மகிழ்கிறாள், அதுவே போதிய காரணம்.

அடுத்தது பந்தல் அலங்காரம். தெர்மோகோல் எழுத்துகளும், மினுக்குத் தாளும், பலூன் வளைவுகளும் ஒரு பகற்பொழுது நின்று மறுநாள் குப்பைமேட்டுக்குப் போகின்றன. அவ்வீட்டிலே தவழும் குழந்தை வேறொன்று இருக்குமாயின், வெடித்துச் சிதறிய பலூன் துணுக்கு பெருங்கேடு. தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எளிதில் வெளிவராது. தென்னங்குருத்துத் தோரணத்தில் இத்தொல்லை இல்லை. குருத்தோலையைக் கிழித்து, மடித்து, முடிந்து, குருவி வடிவம் தோன்றச் செய்வது நம்மவர் கைப்பழக்கம். நான்கு குருவிகள் அமைவது மங்கலத் தோரணம், மூன்று அமைவது அமங்கலத்துக்கு உரியது என்று வழக்கறிந்த பெரியோர் பிரித்துரைப்பர். ஆதலின் தோரணம் கட்ட அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நன்று.

அதே விரல்கள், அதே ஓலை. தோரணம் கட்டி எஞ்சிய துண்டில் சிறுவர்க்கு எத்தனை பொருள்கள்! ஊதி ஒலிக்கும் பீப்பி, மணிக்கட்டில் கட்டும் கடிகாரம், விரலைக் கவ்வும் பாம்பு, கருவேலமுள்ளில் கோத்த காற்றாடி. வளைகாப்புக்கு வந்த சிறுவர் கூட்டத்தை அமைதிப்படுத்த இதனினும் நல்ல வழி நான் கண்டதில்லை. முள் வைத்த காற்றாடியை மட்டும் பள்ளி செல்லும் வயதினர்க்குக் கொடுக்க வேண்டும்.

இனி மகவுக்கு வருவோம். நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்குரியவை. அம்மானை, கழங்கு, ஊசல் போல்வன பெண்பாற்குரியவை. நூல்கள் கூறும் மாதக்கணக்கு சற்று வேறுபடினும், ஐந்தாம் திங்களில் ஒருகாலை மடக்கிக் கையூன்றித் தலையசைப்பது செங்கீரை என்றும், ஒன்பதாம் திங்களில் கைகொட்டுவது சப்பாணி என்றும் கூறுவதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பாட்டுடைத் தலைவன் தெய்வமாயினும் மன்னனாயினும், புலவன் கண்முன் நின்றது ஒரு வீட்டுக் குழந்தையே என்பதற்கு இப்பகுப்பே சான்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளநூல் பயின்றபோது எனக்கு இப்பருவங்களே முதலில் நினைவுக்கு வந்தன.

பிறந்த மகவுக்குத் தேவையானது துணி. அதுவும் பழந்துணி. பலமுறை துவைத்துக் கஞ்சியும் சாயமும் கழிந்த பருத்திச் சேலையைப் போல் மிருதுவானது புதிதாக நெய்யப்பட்டதில் இல்லை. வங்காளத்தில் பழைய சேலைகளைப் பல மடிப்பாக அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையலால் தைத்துக் 'காந்தா' என்னும் விரிப்பாக்குவர். குழந்தை வரப்போகிறது என்றால் வீட்டு முதுமகளிர் காந்தா தைக்கத் தொடங்குவது அங்கு நெடுநாள் வழக்கம். நம் பாட்டிமாரும் பழஞ்சேலையை மடித்துத் தைத்து விரிப்பாக்கியவர்கள்தாம். பூவேலை மட்டும் செய்யவில்லை. வளைகாப்புக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இத்தகைய விரிப்பு இரண்டைத் தைத்துக்கொண்டு செல்வாராயின், கடையில் வாங்கும் எதுவும் அதற்கு ஈடாகாது. விரிப்பு கீழே விரிப்பதற்கு. உறங்கும் பச்சிளங் குழந்தையின் முகத்தருகே தளர்ந்த துணி கிடத்தலாகாது.

பிறந்த சில வாரங்கள் வரை குழந்தையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவே. தாய் பாலூட்டும்போது அவள் முகம் இருக்கும் தொலைவு அது. மங்கிய நிறங்கள் அதற்குப் புலப்படா. கருமையும் வெண்மையும் அருகருகே அமைந்த கோலமே அதன் கண்ணை ஈர்க்கும். குழந்தைகள் வெறுமையான பரப்பினும் கோலமுள்ள பரப்பையே நெடுநேரம் நோக்குகின்றன என்பதை இராபர்ட் பான்ட்சு என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1960ஆம் ஆண்டையொட்டிய தம் ஆய்வுகளில் காட்டினார். கடைகளில் பச்சிளங் குழந்தைக்கென விற்கும் இளஞ்சிவப்பும் இளநீலமும் வாங்குவோர் கண்ணுக்கு உகந்தவை, அவ்வளவே. வெள்ளைத் துணியில் கருநூலால் வட்டமும் கட்டமும் தைத்து, பஞ்சடைத்து, தொட்டிலுக்குச் சற்று விலகி மாட்டினால் போதும். மாட்டும் கயிறு ஒரு சாணுக்குக் குறைவாக இருக்கட்டும். நீண்ட கயிறு கழுத்தில் சுற்றும். குழந்தை கையூன்றி எழத் தொடங்கியதும் தொங்கும் பொருளைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்று, நான்கு திங்களில் கை எதையேனும் பற்ற விழைகிறது. கிலுகிலுப்பையின் காலம் அது. அசைத்தால் ஒலிக்கிறது, நிறுத்தினால் ஓய்கிறது; தன் செயலால் உலகில் ஒன்று நிகழ்கிறது என்பதைக் குழந்தை முதன்முதலில் கற்கும் கருவி இதுவே. மின்கலத்தால் தானே பாடிக்கொண்டிருக்கும் பொம்மை இப்பாடத்தைக் கற்பிக்காது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரிப் பகுதிகளில் ஓலை முடைவோர் இன்றும் உளர். மணப்பாட்டு மகளிரின் ஓலைப் பெட்டிகள் பெயர்பெற்றவை. பனங்குருத்தை நிழலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரு விரற்கடை அகலமாக வார்ந்துகொள்வர். முடையுமுன் நீர் தெளித்துச் சற்றுப் பதமாக்கினால் ஓலை முறியாது. நான்கு பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஊடுபின்னிச் சதுரமாக்கி, விளிம்பில் மேல்நோக்கி மடித்து அதே பின்னலைத் தொடர்ந்தால் சிறு பெட்டி எழும். மூடுவதற்குமுன் உள்ளே ஒலிப்பதற்குரியதை இட்டு, எஞ்சிய நுனிகளைச் சேர்த்து முறுக்கினால் அதுவே கைப்பிடி. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கு ஓலை முடையும் மூதாட்டி ஒருவரை அழைத்து வந்தோம். கனச்சதுரத்துக்கு ஆறு முகம், எட்டு முனை, பன்னிரண்டு விளிம்பு என்று ஒப்பித்துக்கொண்டிருந்த மாணவர்கள், விளிம்பில் எங்கே மடிப்பது என்று தடுமாறியபோதுதான் விளிம்பு என்றால் என்ன என்பதை உணர்ந்தனர். அம்மூதாட்டி அவர்களின் கையைத் தட்டித் தட்டித் திருத்தினார்.

உள்ளே எதை இடுவது என்பதில் மிகுந்த கருத்து வேண்டும். ஒலி இனிதாக வரும், பார்க்கவும் அழகு என்று குன்றிமணியை இடுவது பழைய வழக்கம். குன்றிமணிக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. மேலோடு கடினமாக இருக்கும்வரை தீங்கு வெளிப்படாதிருக்கலாம். மென்று விழுங்கப்பட்டாலோ, துளையிடப்பட்டாலோ சிறு அளவும் உயிருக்கு ஆபத்து. மரபு என்பதற்காக இதை ஏற்க வேண்டியதில்லை. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் நஞ்சல்ல எனினும், ஓலை நைந்து பிரிந்தால் தொண்டையை அடைக்கும். ஒரு கைப்பிடி கேழ்வரகு இட்டால் ஒலி மென்மையாக வரும், சிந்தினாலும் அஞ்சவேண்டா. ஓலைக்குச் சாயமும் வேண்டா. குழந்தைக்கு வாயே முதல் விரல். எதையும் சுவைத்தே அறியும். ஓலை நையத் தொடங்கியதும் எறிந்துவிட்டு வேறொன்று முடைவது முறை. குழந்தையின் கையில் வசம்பு வளையல் கட்டுவோர்க்கும் இதையே சொல்வேன்: நூல் அறுந்தால் வசம்புத் துண்டு வாய்க்குப் போகும், 'பேர் சொல்லாதது' என்று நாம் வழங்கும் அம்மருந்தைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுப்பதையும் மருத்துவர்கள் விலக்குகின்றனர்.

எந்தப் பொருள் தொண்டையை அடைக்கும் அளவினது என்பதைச் சோதிக்கப் பல நாடுகள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பயன்படுத்துகின்றன. அதற்குள் முழுதும் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. நிழற்படச் சுருள் வந்த பழைய டப்பா வீட்டில் கிடந்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். சோதனைக்கு அது போதும். துணிப்பொம்மைக்குக் கண்ணாகப் பொத்தானைத் தைக்காமல் நூலால் தைக்க வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதனாலேயே.

ஆறு திங்களுக்குமேல் மரப்பொருள்கள் வருகின்றன. மரம் என்றால் வண்ணமும் வந்துவிடும். வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை. வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று 2016ஆம் ஆண்டு விதி வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய பொம்மைக்கும், பெயர் தெரியாத டப்பாவில் வந்த பூச்சுக்கும் இவ்விதி காவலாகாது.

அரக்குக் கடைசல் இவ்விடத்தில் உதவுகிறது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் சென்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. வெட்பாலை மரத்தைக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவாக்குவர். சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ணமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்தால் மெருகேறும். தூரிகையும் இல்லை, உலர்த்த வேண்டிய பூச்சும் இல்லை. ஆந்திரத்தில் வராக ஆற்றங்கரையிலுள்ள எட்டிக்கொப்பாக்காவிலும் அதே மரம், அதே முறை. மஞ்சள், அவுரி முதலிய செடிச்சாயங்களை அரக்கில் கலப்பதை அவ்வூரார் மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தனர். இவ்வூர்ப் பொம்மைகள் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசல் வேலையே. அம்மி, உரல், திருகை, அடுப்பு, பானை என்று ஒரு சமையலறையே ஓலைப்பெட்டிக்குள் அடங்கும். அவை சிறிய பொருள்கள். மூன்று வயது நிரம்பியபின் தருவதற்குரியவை.

விளையாட்டுப் பொருள்களுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம் என்று மைய அரசு 2020ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை, 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற கைவினைஞர்க்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளித்தனர். பத்துப் பொம்மை செய்யும் பட்டறை, ஆயிரமாயிரம் வார்க்கும் ஆலைக்குரிய சோதனைச் செலவை ஏற்க இயலாது. எனவே விலக்கு நியாயமானதே. ஆனால், முத்திரை இல்லாத இடத்தில் வாங்குவோன் வாய்திறந்து கேட்க வேண்டியுள்ளது. "அரக்கா, பூச்சா? எந்தச் சாயம்?" என்று கேளுங்கள். வேலையறிந்த கடைசற்காரர் இக்கேள்வியால் சினப்பதில்லை, மகிழ்ந்து விளக்குவார். விழிப்பவரிடம் வாங்க வேண்டா. கேட்டு வாங்குவோர் பெருகினால்தான், பூச்சடித்துக் குறைந்த விலைக்கு விற்பவரோடு போட்டியிட இயலாமல் பட்டறையை மூடும் நிலை அரக்குக் கடைசற்காரர்க்கு வாராதிருக்கும்.

பந்தைப் பற்றி ஒரு சொல். செருமானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபல், குழந்தைகளுக்கென வகுத்த கருவிகளுக்கு 'அன்பளிப்புகள்' என்றே பெயரிட்டார். அவற்றுள் முதலாவது, ஆறு நிறங்களில் கம்பளி நூலால் பின்னிய ஆறு மென்பந்துகள். குழந்தைக்கு அளிக்கும் முதற்பரிசு ஒரு பந்து என்று அப்பேராசிரியர் தேர்ந்தது கருதத்தக்கது. நம் வெப்பத்துக்குக் கம்பளி வேண்டா. பருத்தித் துணுக்குகளைத் தைத்து, உள்ளே பஞ்சடைத்துக் குழந்தை இருகையாலும் பற்றும் அளவில் செய்யலாம். தையற்காரரிடம் துணுக்குக்கு விலையுமில்லை.

மரப்பாச்சி சற்றுப் பிந்திய பருவத்துக்குரியது. செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்குவர். கைகள் உடலோடு ஒட்டியிருக்கும். நீட்டிய விரல் இல்லை, கூர்முனை இல்லை. பத்துமுறை வீசினாலும் உடையாது. முகத்தில் சிரிப்பும் அழுகையும் செதுக்கப்பட்டிருப்பதில்லை. வேண்டியதைக் குழந்தை தானே கற்பித்துக்கொள்ளும். செம்மரம் அரிதாகி, 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆதலின் இன்று கடையில் கிடைக்கும் சிவந்த மரப்பாச்சி பெரும்பாலும் வேறு மரத்தில் சாயமேற்றியது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து வாங்குங்கள். பாட்டி வீட்டுப் பெட்டியில் பழையது கிடந்தால் அதைப் பேத்திக்குத் துடைத்துக் கொடுப்பது எல்லாவற்றினும் நன்று.

கடைசியாக, வண்டி. சிந்துவெளி அகழ்வில் சுடுமண்ணாற் செய்த விளையாட்டு வண்டிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பட்டினப்பாலை சிறுவர் உருட்டும் மூன்றுகால் தேரைக் குறிக்கிறது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல முடியாவிடினும் கையால் இழுத்தே மகிழும் சிறுவர் வருகின்றனர். வடமொழியில் சூத்திரகர் இயற்றிய 'மிருச்சகடிகம்' என்னும் நாடகத்தின் பெயரே மண்வண்டி என்று பொருள்படுவது. அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைப் பார்த்துவிட்டு மண்வண்டி வேண்டாம் என்று அழும் சிறுவன் ஒருவன் அதில் உளன். பரிசுகளில் விலையை ஒப்பிடும் வழக்கம் பழையதுதான்.

நம் நடைவண்டி மூன்று சக்கரமுடையது. குழந்தை அதன்பின் நின்று, குறுக்குக் கட்டையைப் பற்றித் தன் காலால் தள்ளிச் செல்லும். உடலின் எடையைத் தன் காலே தாங்குவதால் நடையில் உறுதி பிறக்கிறது. கடைகளில் 'வாக்கர்' என்று விற்கும், நடுவே தொங்கும் இருக்கையில் குழந்தையை உட்கார்த்தும் வட்டவண்டி இதனின் வேறு. அதில் குழந்தை நடக்கக் கற்பதில்லை. நுனிவிரலால் உந்தி விரைந்து ஓடிப் படிக்கட்டிலும் அடுப்பிலும் போய் மோதுகிறது. கனடா நாடு 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடைசெய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் தம் நாட்டில் அத்தகைய தடை வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறது. மனமுவந்து அதை ஆண்டு நிறைவுப் பரிசாக வாங்கித் தரும் மாமன்மார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாக.

நடைவண்டியை எந்தத் தச்சரும் ஒரு நாளில் செய்துவிடுவார். குறுக்குக் கட்டை குழந்தையின் மார்புயரத்தில் அமையட்டும். ஆணித்தலை எதுவும் வெளியே நீட்டலாகாது. உப்புத்தாள் தேய்த்த பின் பூச்சு ஏதும் அடிக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். வண்டி இலேசாக இருந்தால் குழந்தையை விட்டு முன்னே ஓடிக் கவிழ்த்துவிடும். முன்கட்டையில் ஒரு படி மணலைப் பையிலிட்டுக் கட்டினால் அடங்கி நகரும். மண்தரையில் உருண்ட சக்கரம் இன்றைய வழவழப்பான தரையில் வழுக்குகிறது. பழைய மிதிவண்டி டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரத்தின்மேல் இறுகப் பொருத்தினால் வழுக்காது. ஒரு குழந்தைக்கு நடைவண்டி தேவைப்படுவது மூன்று, நான்கு திங்களே. அதன்பின் துடைத்து, டியூபை மாற்றி, அடுத்து வளைகாப்பு நடக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.